தண்ணி முதல்ல, பேச்சு அப்புறம்

செய்தி வந்தபோது நான் இரண்டாவது ஈடு இட்லியை இறக்கிக்கொண்டிருந்தேன். காலை ஏழே கால் இருக்கும். எங்கள் தெரு வியாபாரிகளின் வாட்ஸ்அப் குழுவில் அந்த நேரத்துக்கு யாராவது ஒரு காலை வணக்கப் படம் போடுவார்கள். அப்படி ஒன்று என்றுதான் நினைத்தேன். "பிலோமினா அக்கா போய்விட்டார். விடியற்காலையில் மாரடைப்பு. வீட்டில்தான் வைத்திருக்கிறார்கள்" என்று டீக்கடை பாஸ்கர் எழுதியிருந்தார். இரண்டு முறை படித்தேன். பிறகு துணியில் தண்ணீர் தெளித்து இட்லிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் அடுக்கினேன். நாலாவது மேசைக்காரர் காரச் சட்னி கேட்டார். கொண்டுபோய் ஊற்றினேன். அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

கூட்டம் குறைந்ததும் கடையின் பின்புறம் போய், கழுவு தண்ணீர் போகிற எண்ணெய்த் தொட்டியின் இரும்பு மூடியைத் தூக்கினேன். அன்று செவ்வாய்க்கிழமை. எங்கள் வரிசையில் மூடி திறப்பது வியாழக்கிழமை. ஏன் திறந்தேன் என்று தெரியவில்லை. தண்ணீரின்மேல் மெல்லிய வெள்ளை ஏடு படிந்திருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடினேன். கையைக் கழுவிக்கொண்டு மதியத்துக்கு அரிசி களைந்தேன்.

முப்பதாம் நாள் பூசையன்று கொடுக்கிற சிறு நினைவு மலருக்கு அக்காவைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி வியாபாரிகள் சங்கத்திலிருந்து கேட்டார்கள். நான் கல்லூரியில் படித்தவள், எழுத வரும் என்பது அவர்கள் கணக்கு. ஒரு பக்கத்தில் முடியவில்லை. மன்னியுங்கள்.

இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு பிலோமினா மெஸ்ஸின் மீன் குழம்பு தெரியும். தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஷிஃப்ட் முடித்து வருகிறவர்களும் ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தூக்குடன் வருகிறவர்களும் மேனாம்பேட்டில் எங்கள் தெருவை அந்த வாசனையை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள். அக்காவின் சத்தமும் உங்களுக்குத் தெரியும். இன்னொன்றும் தெரிந்திருக்கும். புதன்கிழமை அவர் வீட்டு வாசலில், பந்தலுக்குக் கீழே, மாலையோடு நான் வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

"தங்கமான பொம்பள. இன்னா, அந்தக் கெணத்த கெடுத்தது ஒண்ணுதான்."

"வுடு. பூட்டவங்கள பத்தி இப்ப இன்னாத்துக்கு."

ஏழு வருடங்களாக அக்காவின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிற வரி அது. பெட்டிக்குள் படுத்த பிறகும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுக்காமல் இந்த அஞ்சலியை எழுத எனக்கு உரிமை இல்லை. கிணறு கெட்டது பிலோமினா அக்காவால் அல்ல. யாரால் என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நடந்த வரிசையில் சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும்.

நான் கடை திறந்து ஒன்பது வருடங்கள் ஆகின்றன. அதற்கு முன்பு எஸ்டேட்டில் ஒரு பெயிண்ட் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். கம்பெனி வேறு மாநிலத்துக்குப் போனது, நான் போகவில்லை. டிபன் கடை வைத்தேன். திறந்த முதல் நாள், பக்கத்துக் கடைக்காரர் என்ற முறையில் அக்கா வந்தார். சாமி படத்தைப் பார்க்கவில்லை, விலைப் பலகையைப் பார்க்கவில்லை. மேசைகளுக்கு நடுவே புகுந்து நேராக உள்ளே வந்தார்.

"கழுவுற எடம் எங்க கீது?"

"பின்னாடி. ஏன் அக்கா?"

"கடைய முன்னாடி பாத்தா இன்னா தெரியும்? எல்லாம் ஊதுபத்தி வாசனதான். பின்னாடி பாத்தாதான் தெரியும்."

பார்த்தார். வந்து உட்கார்ந்து இரண்டு இட்லி சாப்பிட்டார். போகும்போது சொன்னார்: "இட்லி பரவால்ல. சாம்பார்லதான் பருப்ப தேடணும். அதுவும் நல்லதுதான், கொட்டினா தண்ணி கெடாது."

மறுநாள் என்னை அவர் கடையின் பின்புறத்துக்கு அழைத்துப் போனார். மீன் கடை என்றால் பின்புறம் எப்படி இருக்கும் என்று எனக்கு ஒரு முடிவு இருந்தது. சைவச் சமையல்காரிகள் எல்லோருக்கும் இருக்கிற முடிவுதான். அங்கே தரை உலர்ந்திருந்தது. மீனை மார்க்கெட்டிலேயே அறுத்துக் கழுவித்தான் கொண்டுவருவார். மீன் கழுவிய தண்ணீர் என்று ஒன்று அந்தக் கடையில் கிடையாது. வடிகஞ்சி பால்காரரின் மாட்டுக்குப் போகும். பொரித்த எண்ணெய் டின்னில் சேர்ந்து, எரிபொருள் செய்ய எடுத்துப்போகிற வண்டிக்குப் போகும். தட்டுகளைக் கழுவும் முன் பழைய செய்தித்தாளால் வழித்துத் துடைத்தார்கள். வாணலியைத் தேங்காய் நாரால் துடைத்தார்கள். அதற்குப் பிறகுதான் தண்ணீர். சோப்பு, விரல் நுனியளவு.

"சோப்பு போட்டா எண்ணெ காணாம பூடாது சுமதி. ஒளிஞ்சிக்கும். அப்பால ஏரில போய் வெளிய வரும்."

சோப்பு எண்ணெயை எப்படிச் சின்னச் சின்னத் துளிகளாக்கித் தண்ணீரோடு போகவைக்கிறது என்று நான் மூன்றாம் ஆண்டுத் தேர்வில் நான்கு பக்கம் எழுதியிருக்கிறேன். மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். பாத்திரம் கழுவும் இடத்தில் நின்று அதை ஒருமுறைகூட நினைத்ததில்லை.

கடைசியில் தொட்டியைக் காட்டினார். கழுவிய தண்ணீர் சாக்கடைக் குழாய்க்குப் போகும் முன் நின்று போகிற மூன்று அறைத் தொட்டி. எண்ணெய் மேலே மிதந்து தங்கும், பருக்கை அடியில் தங்கும், இடையில் இருக்கிற தண்ணீர் மட்டும் வெளியே போகும். அதன் மூடியை, ஆவடி தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவர் கணவர் எட்வர்ட் அண்ணன் இரும்புத் தகட்டில் கைப்பிடி வைத்துச் செய்துகொடுத்திருந்தார். "யுத்த டாங்கிக்கு மூடி போட்ட ஆளு. என் தொட்டிக்கும் போட்டாரு. ரெண்டும் ஒண்ணுதான், உள்ள கீறது வெளிய வரக்கூடாது" என்றார் அக்கா.

என் கடையிலும் தொட்டி இருந்தது. லைசென்ஸுக்காகக் கட்டியது. ஆனால் தரை போட்டபோது கொத்தனார், பளிச்சென்று இருக்கட்டும் என்று மூடியின்மேலும் சேர்த்து டைல்ஸ் ஒட்டிவிட்டார். கேட்டுவிட்டுத்தான் ஒட்டினார். நானும் அழகாக இருக்கும் என்று தலையாட்டினேன். இந்த மூடத்தனத்தை எங்கள் தொழிலில் நிறையப் பேர் செய்திருக்கிறோம். தொட்டி கட்டுவது காட்டுவதற்கு, திறப்பதற்கு அல்ல என்று நினைத்திருந்தோம். அக்கா அந்த இடத்தைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"இன்னாடி இது, தொட்டிக்கு சமாதி கட்டி வெச்சிகினு கீற?"

"பொங்கலுக்குக் கடை லீவு விடுறப்ப உடைச்சிடலாம் அக்கா."

இரண்டு பொங்கல் போனது.

இரண்டாவது பொங்கலுக்குப் பிறகு ஒரு நாள் என் கழுவுமிடத்தில் தண்ணீர் இறங்காமல் நின்றது. தொட்டி நிறைந்துவிட்டது. காலை நேரம், இருபது பேர் காத்திருக்கிறார்கள். வந்த பிளம்பர் டைல்ஸை உடைக்க ஒரு நாள் ஆகும் என்றார். பின்சுவர் ஓரமாக மழைநீர் சேகரிப்புக் குழி இருந்தது. எல்லாக் கட்டடத்திலும் இருப்பதுதான்; மொட்டைமாடித் தண்ணீர் மண்ணுக்குள் இறங்குவதற்காக.

"அந்தக் குழி வருசம் பூரா சும்மாதான கீது. கொயாய அதுல திருப்பி வுட்டா பூமி இஸ்துக்கும் கா."

"ரெண்டு நாளைக்குத்தானே?"

"ரெண்டே நாள்."

திருப்பினார். தண்ணீர் சத்தமில்லாமல் இறங்கியது. அடைப்பு இல்லை, நாற்றம் இல்லை. ஓடுகிற குழாயை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? நான்கு மாதம் ஓடியது. மாவு ஆட்டிய கிரைண்டர் கழுவிய தண்ணீர், சாம்பார் அண்டா, தோசைக்கல் எண்ணெய், வாளி வாளியாக சோப்பு நுரை. அந்தக் குழிக்கு ஆறடி தள்ளி, எங்கள் வரிசைக்கும் பின் சந்துக்கும் நடுவில், ஒரு பழைய கிணறு இருக்கிறது. மோட்டார் வைத்து பதினோரு வீடுகள் அதில் தண்ணீர் எடுக்கின்றன. அதை நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கிணற்றுத் தண்ணீரில் முதலில் புளித்த வாடை வந்தது. பிறகு மேலே ஒரு படலம். பிள்ளைகளுக்கு உடம்பில் தடிப்பு வந்தது. ஒரு மதியம், மெஸ்ஸில் சாப்பாட்டுக் கூட்டம் இருக்கும்போது, பின் சந்து பாக்கியம் அம்மா ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து அக்காவின் வாசலில் கவிழ்த்தார்.

"மோந்து பாரு! உன் மீனு தண்ணிதான் இது! ஊர்ல புள்ளைங்க குளிக்க வேணாம்?"

"என் மீனு தண்ணி இந்தத் தெருவுக்கே வர்றதில்ல பாக்கியம். மார்க்கெட்லயே கழுவினு வரேன். வா, உள்ள வந்து தொட்டியப் பாரு."

"உன் தொட்டிய நான் இன்னாத்துக்குப் பாக்கணும்? மூக்கு இல்ல எனக்கு? பின்ன இட்லிக் கடையா நாறும்?"

கூட்டம் சிரித்தது. எல்லோரும் என் கடைப் பக்கம் திரும்பினார்கள். நான் சட்னி வாளியோடு வாசலில் நின்றிருந்தேன். நானும் சிரித்தேன்.

அப்போது எனக்குத் தெரியாது என்று எழுத ஆசைதான். தெரியும் என்றும் எழுத முடியாது. தெரிந்துகொள்ளாமல் இருந்தேன். வேதியியல் படித்தவள், ஆறடி தூரத்தில் நின்றுகொண்டு.

அன்று அக்கா மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். ஒருவரும் உள்ளே வந்து பார்க்கவில்லை. மெஸ்ஸுக்கு ஆள் வருவது நின்றது. மாத முடிவில் காலி செய்யும்படி கட்டட உரிமையாளர் சொல்லிவிட்டார். அந்த வாரம் அடுப்பே ஏற்றவில்லை. அந்த வாரத்தில்தான் அக்கா தன் கடைத் தொட்டியில் மஞ்சள் தூளைக் கரைத்து ஊற்றி, அது எங்கே போகிறது என்று பார்த்தார். சாக்கடை மூடியைத் திறந்தால் மஞ்சள் ஓடியது. கிணற்றில் ஒன்றும் இல்லை. பிறகு டீக்கடை. பிறகு ஒரு பிற்பகல் என்னிடம் வந்தார்.

"கேசரி பவுடர் கீதா?"

"இருக்கு. என்ன அக்கா, கேசரி கிளறப் போறீங்களா?"

"ஆமா. உன் கொயாய்ல."

ஒரு பிளாஸ்டிக் மக்கில் கரைத்து என் கழுவுமிடத்தில் ஊற்றினார். என் மணிக்கட்டைப் பிடித்துப் பின்சுவர் பக்கம் இழுத்துப் போனார். கடப்பாரையால் நெம்பி மழைநீர்க் குழியின் மூடியை நகர்த்தினார். உள்ளே என் குழாய். அதிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கிளறுகிற கேசரியின் அதே நிறம். புளித்த மாவு நாற்றம் எங்கள் இருவர் முகத்திலும் அடித்தது.

எனக்குள் எத்தனையோ இருந்திருக்க வேண்டும். வாயில் வந்தது ஒன்றுதான்.

"ரெண்டு நாளைக்குன்னு சொன்னான் அக்கா."

அவர் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். தெருவே கேட்கிற மாதிரித் திட்டக்கூடியவர், உங்களுக்கே தெரியும். கடப்பாரையைச் சுவரில் சாய்த்தார்.

"பிளம்பர கூப்புடு. கொத்தனாரயும் கூப்புடு. தண்ணி முதல்ல. பேச்சு அப்புறம்."

அன்று மாலையே டைல்ஸை உடைத்தோம். தொட்டிக்குள் கொழுப்பு வெள்ளைக் கல்லாக உறைந்திருந்தது. மண்வெட்டியால் வெட்டித்தான் எடுக்க முடிந்தது. மரத்தூளோடு பிசைந்து கோணியில் கட்டினோம். அக்கா புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு என்னோடு குனிந்தார்.

"காலேஜ்ல இதுக்கு இன்னா பேர் வெச்சாங்க?"

"கொழுப்புதான் அக்கா."

"அத்த நான் படிக்காமயே சொல்லுவேன். உனக்கு ஜாஸ்தின்னும் சொல்லுவேன்."

அந்த நாளில் அவர் என்னைச் சொன்னது அவ்வளவுதான். மறுநாள் லாரி வந்து குழியை உறிஞ்சியது. கிணற்றை இறைக்க ஆறு நாள் ஆனது. மோட்டார் போட்டுச் சாக்கடைக்கு விடுவது, ஊற விடுவது, பிளீச்சிங் பவுடர் போடுவது, மறுபடி இறைப்பது. ஆறு நாளும் வெயிலில் அக்கா நின்றார். நானும் நின்றேன். நான் சொல்ல வேண்டியது அங்கேதான் இருந்தது, வாயைத் திறந்தால் போதும். அதற்குள் தெருவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. சந்தில் நின்று பேசியது எங்கள் இருவர் காதிலும் விழுந்தது.

"தப்பு இல்லன்னா அவ இன்னாத்துக்கு வந்து எறைக்கிறா?"

"அதான? ஆனா அந்த இட்லிக் கடைக்காரம்மாவுக்கு நல்ல மனசு. கூடவே நின்னு ஒத்தாச பண்ணுது பாரு."

அக்கா ரப்பர் குழாயைத் தூக்கி என் கையில் கொடுத்தார். "இத புடி. அந்தாண்ட வுடு" என்றார். நான் பிடித்தேன். நல்ல மனசுக்காரியாகவே அந்த ஆறு நாளும் முடிந்தன.

தண்ணீர் தெளிந்தது. கட்டட உரிமையாளர் வந்து பார்த்து, "இனிமேலாவது ஒழுங்கா இருங்க" என்று அக்காவிடம் சொன்னார். அக்கா "சரிங்க" என்றார். மெஸ் மறுபடி திறந்தது. மீன் குழம்பை எத்தனை நாள் வெறுக்க முடியும்? ஆட்கள் வந்தார்கள், அந்த ஒரு வரியையும் கூடவே கொண்டுவந்தார்கள்.

வியாழக்கிழமை வழக்கம் அதற்குப் பிறகு வந்ததுதான். எங்கள் வரிசையின் ஒன்பது கடைகளையும் அக்கா கூட்டிவைத்துச் சொன்னார்: வாரம் ஒரு நாள், மதிய வியாபாரம் முடிந்து மூன்று மணிக்கு, எல்லோரும் ஒரே நேரத்தில் அவரவர் மூடியைத் திறந்து அள்ள வேண்டும். ஏன் ஒரே நேரத்தில் என்று பாஸ்கர் கேட்டார்.

"தனித்தனியா தொறந்தா நாத்தம் ஒருத்தி தலைல விழும். ஒண்ணா தொறந்தா தெரு நாத்தம். யாரும் யாரையும் கேக்க முடியாது."

என்னைப் பார்க்காமல்தான் சொன்னார். பைக் கழுவித் தருகிற சேகரைப் பிடித்ததும் அன்றுதான்.

"டேய் சேகரு, உன் வண்டித் தண்ணி எங்கடா போவுது?"

"கால்வாய்க்கு கா."

"கால்வாய் எங்க போவுது?"

"ஏரிக்கு."

"ஏரி எங்க போவுது?"

"அது எங்க கா போவும்? அங்கயேதான் கீது."

"அத்தான் நானும் சொல்றேன். அங்கயேதான் கீது."

சேகர் அந்த மாதமே மணலும் ஜல்லியும் போட்டு ஒரு குழி கட்டினார். கழிவு ஆயிலை டிரம்மில் பிடிக்க ஆரம்பித்தார். பாஸ்கர் டீத்தூளைக் குழாயில் கொட்டுவதை விட்டார். நான் கிரைண்டரின் முதல் கழுவலை மாட்டுக்கான கழனித் தொட்டியில் சேர்க்கிறேன். ஒவ்வொரு வியாழனும் மூன்று மணிக்கு அக்கா தன் மூடியில் ஜல்லிக் கரண்டியால் மூன்று தட்டு தட்டித் திறப்பார். முதல் மூடி எப்போதும் அவருடையது. அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் மற்ற எட்டு மூடிகளும் திறக்கும்.

அவரைப் புனிதராக்க நான் எழுதவில்லை, அவருக்கே சிரிப்பு வரும். கடன் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பித் தரமாட்டார். என் வாடிக்கையாளர்களிடம் என் வடையைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. கோபம் வந்தால் ஒரு மாதம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கிணறு சரியாகி ஒரு வருடம் கழித்து என் கடைக்குப் புதுப் பலகை வைத்தேன். சுத்த சைவ உணவகம் என்று பெரிய எழுத்தில். அக்கா தெருவின் எதிர்ப்பக்கம் நின்று அதை நிதானமாகப் படித்தார்.

"சுத்தம்னு நீ போட்டுகினா, நான் இன்னாடி போட்டுக்கறது?"

ஏழு வருடத்தில் அந்தப் பேச்சின் பக்கத்தில் அவர் வந்தது அந்த ஒரு முறைதான். மறுநாள் பெயிண்டரை வரச்சொல்லி அந்த முதல் வார்த்தையை அழித்தேன். இப்போதும் பலகையின் இடது பக்கம் காலியாக இருப்பதைப் பார்க்கலாம். எழுத்தை மையத்தில் போடத் தெரியாத பெயிண்டர் என்று நினைத்திருப்பீர்கள்.

நானும் ஒரு முறை முயன்றேன். ஐப்பசி மழை, இரண்டு கடையிலும் ஆள் இல்லை. அக்கா என் கடையில் வந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அந்தக் கிணறு விஷயம்..."

"தண்ணி எவ்ளோ கீது இப்ப?"

"கைக்கு எட்டற மாதிரி."

"நல்லா கீதா?"

"நல்லாதான் இருக்கு."

"அப்பால இன்னா? டீல சக்கர பத்தல, எடு."

நான் சர்க்கரையை எடுத்துக் கொடுத்தேன். அவர் விட்டுவிட்டார் என்று நானும் விட்டுவிட்டேன். எனக்கு வசதியாக இருந்தது.

புதன்கிழமை அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்தபோது எட்வர்ட் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். பந்தலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கையில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்திருந்தார், குடிக்கவில்லை.

"அவ எங்கிட்ட அன்னிக்கே சொல்லிட்டாம்மா. கேசரி பவுடர் ஊத்துன அன்னிக்கே."

எனக்குக் கால் நிற்கவில்லை என்றெல்லாம் எழுதலாம். நின்றது. நான் கேட்டுக்கொண்டுதான் நின்றேன்.

"நான் சண்ட போட்டேன். யார் தப்புக்கு யாரு திட்டு வாங்கறதுன்னு. அவ சொன்னா, வெளிய சொன்னா சுமதி கடைய மூட வெச்சிடுவாங்கய்யா, மூடிகினு போறவ எங்க தொட்டிய தொறக்கப் போறா, இங்க இருக்கறவதான் தொறப்பான்னா."

டம்ளரை ஒரு நாற்காலியில் வைத்தார்.

"நீயே ஒரு நாள் சொல்லுவன்னு நெனச்சிகினு இருந்தா. ஒரு வருசம், ரெண்டு வருசம் இருக்கும். அப்பால அத்த பத்திப் பேசறத வுட்டுட்டா. கோவம்லாம் இல்லம்மா. பேசறத வுட்டுட்டா, அவ்ளோதான்."

நான் வீட்டுக்கு வந்து மறுநாளைக்கு உளுந்து ஊறவைத்தேன்.

மறுநாள் வியாழக்கிழமை. மூன்று மணிக்கு எங்கள் வரிசையில் எல்லோரும் பின்வாசலுக்கு வந்து நின்றோம். தட்டுகிற சத்தம் வரவில்லை. பாஸ்கர் என்னைப் பார்த்தார், நான் சேகரைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ஒவ்வொருவராக உள்ளே போய்விட்டோம். அடுத்த வியாழனும் அப்படியே. இரண்டு வாரமாக எங்கள் தெருவில் ஒரு மூடியும் திறக்கவில்லை. என் கழுவுமிடத்தில் தண்ணீர் மெதுவாக இறங்க ஆரம்பித்திருக்கிறது. இன்னும் கொஞ்ச நாளில் யாராவது ஒருவருக்கு ஒரு பிளம்பர் வருவார், இரண்டு நாளைக்குத்தான் என்பார்.

அதனால் எழுதுகிறேன். ஏழு வருடங்களுக்கு முன்பு பின் சந்துக் கிணற்றைக் கெடுத்தது என் கடைத் தண்ணீர். மழைநீர்க் குழியில் குழாயைத் திருப்பச் சம்மதித்தது நான். பதினோரு வீட்டுப் பிள்ளைகள் அந்தத் தண்ணீரில் குளித்தார்கள். பிலோமினா அக்காவின் கடையிலிருந்து ஒரு சொட்டும் அங்கே போகவில்லை. அவர் செய்தது கண்டுபிடித்ததும் இறைத்ததும்தான். பாக்கியம் அம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கக் கஷ்டம். இந்தப் பக்கத்தை யாரும் அவருக்குப் படித்துக்காட்ட வேண்டாம். மலர் உங்கள் கைக்கு வரும் முன் நானே அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்.

அக்காவுடையது என்று என்னிடம் இருப்பவை அதிகம் இல்லை. கழுவுமுன் துடைக்கிற பழக்கம் கையில் இருக்கிறது. கேசரி பவுடர் கரைத்த அந்தப் பிளாஸ்டிக் மக் என் கழுவுமிடத்தில் இருக்கிறது. எத்தனை தேய்த்தாலும் அடியில் லேசாக ஆரஞ்சு தெரியும். அன்று குழி ஓரத்தில் அவர் சொன்ன வாக்கியத்தில் முதல் பாதியை நாங்கள் சேர்ந்து முடித்தோம். மறு பாதி என்னிடமே தங்கிவிட்டது.

பூசைக்கு அடுத்து வருகிற வியாழக்கிழமை, மூன்று மணிக்கு, நான் கடையின் பின்புறம் இருப்பேன். கிணற்றுத் தண்ணீர் நன்றாக இருக்கிறது. வரும்போது நீங்களே பாருங்கள். கேட்க வேண்டியதை அங்கே வைத்துக் கேளுங்கள். முதல் மூடியை நான் திறக்கிறேன்.